மைக் செட்டில் வந்த ராக் அண்ட் ரோல்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ராத்திரி சாப்பாடு முடிந்து வராந்தாவில் ஈஸி சேரில் சாய்ந்திருந்தேன். அவன் தன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என் காதில் வைத்தான்.

"அப்புச்சி, இது எந்த ஊர்ப் பாட்டுன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

தகரத்தை அறுப்பது போல ஒரு கிட்டார். பின்னால் டிரம் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தார்கள். கத்துகிற குரல். இங்கிலீஷ்.

"வெள்ளைக்காரப் பசங்க. 1970 வாக்கில் இருக்கும்" என்றேன்.

"வருசம் சரி அப்புச்சி. ஆனா இவங்க மெட்ராஸ் பசங்க. கன்ஃபியூஷன்ஸ்னு பேரு. சிம்லா பீட்ல வாசிச்சது."

சிம்லா பீட் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மேலே பேச வரவில்லை. பேரன் அதற்குள் தூக்கம் என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான் நிஜம். ஏன் வரவில்லை என்பதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

முதலில் சிம்லா பீட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு சிம்லா சிகரெட் ஞாபகம் இருக்கும். அதை விற்ற இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி 1960களின் கடைசியிலும் 70களின் ஆரம்பத்திலும் அகில இந்திய அளவில் இசைக்குழுக்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. காலேஜ் பையன்கள் கிட்டாரும் டிரம்முமாகக் கிளம்பிப் போனார்கள். மெட்ராஸ், பெங்களூர், பம்பாய், கல்கத்தா, ஷில்லாங் என்று பல ஊர்களிலிருந்து வந்தார்கள். 1970லும் 1971லும் அவர்கள் வாசித்ததை இரண்டு எல்.பி. இசைத்தட்டுகளாகப் போட்டார்கள். சிகரெட் விளம்பரத்துக்காகப் போட்ட தட்டு என்று இங்கே எல்லாரும் மறந்தே போனோம். பல வருடம் கழித்து ஐரோப்பாவில் அதைத் தேடிப் பிடித்து மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே இதற்கென்று ரசிகர் கூட்டமே இருக்கிறதாம்.

அந்த ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் கதை புரியும்.

அவர்களுக்குப் பிடித்தது இரண்டு வகை. ஒன்று ராக்கபில்லி. 1954-55ல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்ற ஊரில் சன் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் பிறந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு அங்கேதான் பதிவானது. மூன்றே பேர். எல்விஸ் பாடினார், இன்னொருவர் கிட்டார், மூன்றாமவர் ஆளுயர பேஸ் வாத்தியத்தின் கம்பியை இழுத்து விட்டு அடித்தார். டிரம் கூடக் கிடையாது. 'ஹில்பில்லி' என்றால் மலைக்காட்டு நாட்டுப்புறத்தான் என்று கேலியாகச் சொல்வது. அந்த வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பு மக்களின் ரிதம் அண்ட் புளூஸும் கலந்ததால் அந்தப் பெயர்.

இன்னொன்று பத்து வருடம் கழித்து வந்தது. 1964ல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்குப் போய் டி.வி.யில் பாடிய பிறகு, தெருவுக்குத் தெரு பையன்கள் குழு ஆரம்பித்தார்கள். வீட்டில் கார் நிறுத்தும் ஷெட்தான் ஒத்திகை இடம். அதனால் கராஜ். தப்பும் தவறுமாக, சத்தமாக, வெறியோடு வாசிப்பார்கள். ஒரு தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போன குழுக்களே அதிகம். 1972ல் லென்னி கே என்பவர் இப்படிப்பட்ட பாட்டுகளைத் தொகுத்து 'நகெட்ஸ்' என்று வெளியிட்டார். பங்க் என்ற பெயர் பரவியதற்கு அந்தத் தொகுப்பும் ஒரு காரணம்.

'லூயி லூயி' என்ற பாட்டின் கதை வேடிக்கையானது. ரிச்சர்ட் பெர்ரி என்ற கறுப்புப் பாடகர் எழுதியது. 1963ல் கிங்ஸ்மென் என்ற வெள்ளைக்காரப் பையன்கள் பாடினார்கள். பாடியது ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றால் ஆபாசமாகத்தான் இருக்கும் என்று பெற்றோர்கள் புகார் செய்ய, எஃப்.பி.ஐ. போலீசே விசாரித்தது. தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வார்த்தை புரியவில்லை என்று கோப்பை மூடினார்கள். அமெரிக்கப் போலீசுக்கே புரியாதபோது, பீளமேட்டுப் பையன்களுக்குப் புரியாமல் போனதில் என்ன வெட்கம்?

ஆம், எங்களுக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பிடித்திருந்தது.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு மர்பி வால்வு ரேடியோ. போட்டால் சூடாகிப் பேச ஒரு நிமிடம் ஆகும். சிலோன் ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டு வரும்போது அலை ஏறி இறங்கும், இரைச்சல் நடுவில் பாட்டு எட்டிப் பார்க்கும். அந்த இரைச்சலும் பாட்டில் ஒரு பகுதி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு இது முழுக்க முழுக்கச் சீமைச் சரக்கு இல்லை. சந்திரபாபு நமக்கு இதைத் தமிழிலேயே கொடுத்துவிட்டார். தூத்துக்குடியில் பிறந்து சின்ன வயதில் கொழும்பில் இருந்தவர். யோடலிங் என்று தொண்டையை உருட்டிப் பாடுவதை நம் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1959ல் வந்த 'மரகதம்' படத்தில் அவரும் ஜமுனா ராணியும் பாடிய பாட்டு இதற்குள் உங்கள் வாயில் வந்திருக்கும். அந்தப் படத்தை எடுத்தது நம் கோயமுத்தூர் பட்சிராஜா. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அந்த சுப்பையா நாயுடுவிடம் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுபிடிப் பையனாக இருந்து இசை கற்றவர்தான் பின்னாளில் மெல்லிசை மன்னரான எம்.எஸ். விஸ்வநாதன்.

1964ல் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. எனக்குப் பதினைந்து வயது. ரவிச்சந்திரன் தன் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டு, வேலையைத் திருப்பிக் கொடு என்று பாலையாவின் வீட்டு வாசலில் கொடி பிடித்து ஆடிப் பாடுவாரே, அந்தப் பாட்டு. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. படம் பிடித்தது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறு. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து டூர் போன அதே ஆழியாறு! பார்த்த இடத்தில் இப்படி ஓர் ஆட்டமா என்று தியேட்டரில் வாயைப் பிளந்தேன்.

எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன்தான் என் நண்பன். பெயர் வேண்டாம். அவன் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்.

அவன் அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். நம் ஊரில் கிணறு இருக்கும் இடமெல்லாம் மோட்டார், மோட்டார் இருக்கும் இடமெல்லாம் எரிந்துபோன காயில். வார்னிஷ் வாசனை அடிக்கும் அந்தக் கடைதான் எங்கள் கராஜ். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அவன் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டு அப்பாவோடு கடையில் உட்கார்ந்தான்.

அவனிடம் கல்கத்தாவில் செய்த ஒரு பழைய கிட்டார் இருந்தது. சாதாரண மரக் கிட்டார். அதை எலெக்ட்ரிக் கிட்டாராக மாற்றப்போகிறேன் என்றான். கம்பி எஃகு, அது காந்தத்துக்கு மேலே அசைந்தால், காந்தத்தைச் சுற்றியிருக்கும் காயிலில் கரண்ட் வரும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சைக்கிள் டைனமோ காந்தம் ஒன்றை எடுத்தான். தலைமுடியை விட மெல்லிய எனாமல் கம்பியைக் கை மிஷினில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினான். நடுவில் நாலு தடவை அறுந்தது. ஐந்தாவது தடவை அறாமல் முடிந்தபோது ராத்திரி ஒரு மணி. ரேடியோவில் செருகி ஒரு கம்பியைத் தட்டினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

என் பங்கு பேஸ். வால்பாறையிலிருந்து வரும் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே ஓட்டை போட்டு, கயிறு கட்டி, ஒரு கழியில் இழுத்துப் பிடித்து டும் டும் என்று அடிப்பேன். கிண்டலாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஜான் லெனன் முதலில் ஆரம்பித்த குவாரிமென் குழுவிலும் தேயிலைப் பெட்டிதான் பேஸ். மூன்றாவது ஒருவன் ஸ்கூல் பேண்டு டிரம்மை ஞாயிற்றுக்கிழமைகளில் கடன் வாங்கி வருவான்.

மூன்று பேரும் ஆறு பாட்டு பழகினோம். ஒன்றுகூடச் சரியாக வராது. என் வேலை அப்போதே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சரி பார்க்கிற வேலைக்கான படிப்பு. மைக்ரோமீட்டர் தப்பு சொன்னால் ஜாப் ரிஜெக்ட். பகலெல்லாம் அப்படிப் படித்துவிட்டு, சாயங்காலம் அந்தக் கடையில் தப்பும் தவறுமாக ஓங்கி அடிக்கும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? தப்பு பண்ணலாம், யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இந்த இசையை நேசிப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1967 சித்திரை. என் நண்பனின் அம்மா ஊரில் மாரியம்மன் நோன்பு. சூலூரைத் தாண்டிப் போக வேண்டும். கம்பம் நட்டு, ராத்திரியில் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். அங்கே மைக் செட் போட்டிருந்தவர் நண்பனின் அப்பாவிடம் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர். 'ஆட்டம் ஆரம்பிக்க நேரமாகுமப்பா, நடுவுல பத்து நிமிசம் வேணா வாசிச்சுக்குங்க' என்றார். அந்த வருடம் பிப்ரவரியில்தான் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. இரண்டு கட்சிக்கும் மாறி மாறிக் கத்தி அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் கரகரத்துப்போயிருந்தன.

அந்தக் குழாயில் எங்கள் கிட்டார் சத்தம் வந்தது பாருங்கள்! கிழிந்து, நொறுங்கி, சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு வந்தது. லிங்க் ரே என்ற அமெரிக்கர் 1958ல் 'ரம்பிள்' என்ற கிட்டார் தட்டில் கரகரப்பு வர வேண்டும் என்று ஸ்பீக்கர் காகிதத்தைப் பென்சிலால் குத்திக் கிழித்தாராம். பாட்டில் ஒரு வார்த்தைகூட இல்லாமலேயே சில ரேடியோக்காரர்கள் அதற்குத் தடை போட்டார்கள். 'காதலிக்க நேரமில்லை' வந்த அதே 1964ல் லண்டனில் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. தேர்தலே செய்து வைத்துவிட்டது.

ஊர் ஜனம் முதலில் சிரித்தது. குழந்தைகள் முன்னால் வந்து நின்றார்கள். இரண்டாவது பாட்டு, அந்த வேலை கேட்கும் பாட்டு. பாதியில் டிரம் அடித்தவன் தாளத்தைத் தொலைத்துவிட்டான். நானும் தொலைத்தேன். அவ்வளவுதான், மானம் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் இடது பக்கத்திலிருந்து ஓர் அடி விழுந்தது.

கம்பத்தாட்டத்துக்கு வாசிக்க வந்தவர்கள் அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, வைக்கோலைக் கொளுத்தி அதில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர். அவர்களில் மூத்தவர், என் அப்பா வயது இருக்கும், நாங்கள் தொலைத்த தாளத்தை எடுத்துப் பிடித்தார். மற்ற நாலு பேரும் சேர்ந்தார்கள். நண்பன் ஒரு கணம் திகைத்தான். பிறகு கிட்டாரோடு வயர் எட்டுகிற வரைக்கும் அவர்கள் பக்கம் போய் நின்றான். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் குச்சி போகிற வேகத்தைப் பார்த்துப் பார்த்து நான் கயிற்றை அடித்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் அடி மாறினால் நாங்கள் மாறினோம், நண்பன் கிட்டாரை மாற்றினால் அவர் மாறினார். ஐந்து நிமிடம் இருக்கும். என் ஆயுசில் நான் வாசித்ததில் அந்த ஐந்து நிமிடம்தான் இசை.

மைக் சட்டென்று நின்றது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீ யாரூட்டுப் பையன்? எந்த ஊரு?"

சொன்னேன். அப்பா பெயர், அப்பாரு பெயர், ஊர். அவருக்குப் புரிய வேண்டியது புரிந்தது.

"நல்ல குடும்பத்துப் பையன். இவனுங்களோட சேர்ந்துட்டு நிக்கற. இங்க வந்து திண்ணைல உக்காரு கண்ணு."

நான் போனேன். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். திண்ணையில் உட்கார்ந்தேன். யாரோ சொம்பில் பானகம் கொடுத்தார்கள். குடித்தேன்.

நண்பனிடமும் அதே கேள்வி. அவன் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"காயில் கட்டறவர் பையனுங்க."

"அது சரி, எந்த வகையறா?"

"காயில் கட்டற வகையறாதானுங்க."

சொல்லிவிட்டு அவன் அங்கேயே, அவர்கள் மூட்டிய தீப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஊர்ப் பெண்ணின் மகன். பேசியதெல்லாம் அந்த மூத்த கலைஞர்மேல் விழுந்தது. 'சின்னப் பசங்க விளையாடினா, உனக்கு எங்க போச்சு புத்தி?' அவர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "தப்புங்க சாமி" என்றார். தாளம் தொலைத்தவன் நான். தப்பு என்று சொன்னவர் அவர்.

அந்தக் காலத்தில் டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் இருந்தது நமக்கெல்லாம் தெரியும். தெரியாதது போல எழுதினால் பொய். நானும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவன்தான். ஆனால் அன்றுதான், ஐந்து நிமிடம் ஒருவரோடு சேர்ந்து வாசித்த பிறகு, அவர் கை கூப்புவதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

திரும்பி வரும்போது கடைசி பஸ். நண்பன் என் பெட்டியையும் தூக்கி வந்திருந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒண்டிப்புதூர் வந்தபோது, "அவரு புடிச்ச அடி என்ன அடின்னு கேட்டுட்டு வந்தண்டா" என்றான். தொடையில் தட்டிக் காட்டினான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பரீட்சை, வேலை என்று காரணம் இருந்தது. 1970ல் ஒருநாள் அவன் இங்கிலீஷ் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தான். சிம்லா பீட் விளம்பரம். "மெட்ராஸ் போலாம்டா. அந்த அடிய வெச்சு ஒண்ணு பண்ணியிருக்கேன். பேஸ் மட்டும் வேணும்." எனக்கு அப்போது வேலை கிடைத்து ஆறு மாதம். லீவு கிடைக்காது என்றேன். லீவு கேட்கவே இல்லை என்பதை இப்போதுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன். அவன் போகவில்லை.

அவன் கடையை அவனே எடுத்து நடத்தினான். நல்ல தொழில்காரன் என்று பெயர். மத்தியானம் வேலை இல்லாதபோது கிட்டாரை எடுப்பான். 'கிட்டார் மெக்கானிக்' என்று தெருவில் கிண்டல் உண்டு. நான் எப்போதாவது போனால் டீ வாங்கிக் கொடுப்பான், மோட்டார் விலை பேசுவோம். 2009ல் மாரடைப்பில் போய்விட்டான்.

இனி, எல்விஸ் பற்றி ஒரு விஷயம். ரிட்டயர் ஆன பிறகு படித்தேன்.

1954 ஜூலையில் அவருடைய முதல் தட்டை மெம்ஃபிஸ் ரேடியோவில் டூயி ஃபிலிப்ஸ் என்பவர் போட்டார். ஆர்தர் க்ருடப் என்ற கறுப்புப் பாடகரின் பாட்டு அது. கேட்டவர்களுக்கு ஒரே பரபரப்பு, திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். உடனே எல்விஸை ஸ்டேஷனுக்கு வரவழைத்துப் பேட்டி எடுத்தார். அதில் கேட்ட ஒரு கேள்வி, 'எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?' ஹ்யூம்ஸ் என்று எல்விஸ் சொன்னார். அந்த ஊரில் வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு ஒரு பள்ளிக்கூடம். பாடியவன் கறுப்பனா வெள்ளையனா என்று கேட்பவர்களுக்குக் குழப்பம். நேராகக் கேட்கக் கூச்சம். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் ஊருக்கே விளங்கிவிட்டது.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எந்தப் பள்ளிக்கூடம், யாரூட்டுப் பையன், எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம். கேள்வி ஒன்றுதான்.

காதுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. மெம்ஃபிஸ் ஜனங்களுக்கும் தெரியவில்லை, அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த முரட்டு இசையை உலகம் முழுக்க நேசிக்கிறவர்கள், சுத்தமில்லாத, கரகரப்பான, கலந்துபோன சத்தத்தைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அது கலந்ததால்தான் பிறந்தது. எனக்கு அது பதினெட்டு வயதில், ஐந்து நிமிடம் கைக்கு வந்தது. ஒரு கேள்வி கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். என் நண்பன் வைக்கவில்லை. இசையை நேசித்தது நாங்கள் இரண்டு பேரும்தான் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நேசித்தவன் அவன்.

பேரன் ஊருக்குப் போன பிறகு நண்பனின் கடைக்குப் போனேன். மகன் நடத்துகிறான். கிட்டார் சுவரில் தொங்குகிறது. காயில் இன்னும் அறவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம், முள் அசைந்தது. பேரனிடம் சொல்லி அந்த சிம்லா பீட் பாட்டுகளை அந்தப் பையன் போனுக்கு அனுப்பச் சொன்னேன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "எங்கப்பா இதைவிட நல்லா வாசிப்பாருங்க மாமா" என்றான். "ஆமாப்பா" என்றேன்.

போன வாரம் ஒரு கல்யாணம். இப்போது நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஜமாப் வைப்பது ஒரு ஃபேஷன். கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களும் பையன்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் அடி நின்றதும், வாசித்தவர்களில் இருபது வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வாசித்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தம்பி, எந்த ஊரு?"

என் வாயில் வந்தது அதுதான். அந்தப் பையனின் முகம் லேசாக மாறியதைப் பார்த்தேன். சூலூருக்குப் பக்கம் ஏதோ ஓர் ஊர்ப் பெயரை மெதுவாகச் சொன்னான். அடுத்த கேள்விக்குத் தயாராக நின்றான்.

"சாப்டாச்சுங்களா?" என்று மாற்றினேன்.

"இன்னும் இல்லீங்க. கடைசிப் பந்திலதானுங்க."

என்னை எல்லாரும் முதல் பந்திக்கே கூப்பிட்டார்கள். பசி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா முறைத்தாள், சர்க்கரைக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டாமா என்று. கடைசிப் பந்தியில் அந்த ஆறு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசம் ஆறிப்போயிருந்தது. இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று எனக்கே தெரியும். ஐம்பத்தெட்டு வருடம் லேட்.

கை கழுவும்போது அந்தப் பையனிடம், 1967ல் பஸ்ஸில் நண்பன் தொடையில் தட்டிக் காட்டியதை என் தொடையில் தட்டிக் காட்டி, இது என்ன அடி என்று கேட்டேன். ஒரு தடவை கேட்டான். "நடுவுல ஒண்ணு விடறீங்க தாத்தா" என்று சொல்லி, சரியாக அடித்துக் காட்டினான்.